பூட்டுத் தொழில்: இயந்திரம் வாங்கப் பணம் இருக்கிறது, அதற்கு மேல்?

ஐந்துபின்:
வணக்கம். எனக்கு வயது 34. 11 ஆண்டுகளாகத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அரமும், நுண்ணளவு பார்க்கும் வெர்னியரும் கைப்பழக்கம். பொழுதுபோக்காகப் பூட்டுத் திறக்கக் கற்றுக்கொண்டேன். உள்ளே ஐந்து சிறு ஊசிகள் உள்ள ‘ஐந்து பின்’ சிலிண்டர் பூட்டுகளை இப்போது தடுமாறாமல் திறக்கிறேன். வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கலாமா என்று யோசிக்கிறேன். சாவி வெட்டும் இயந்திரத்துக்கும் பழைய வேன் ஒன்றுக்கும் சேமிப்பு போதும். அதற்கு மேல் என்ன செலவு வரும்? எதையெல்லாம் விட்டுக்கொடுக்க நேரும்? வீட்டில் 2 சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழைய அரம்:
தம்பி, 17 ஆண்டுகளாக இதே பிழைப்பு. இயந்திரத்தையும் வண்டியையும் கணக்கில் எழுதிவிட்டீர்கள். நானும் அந்த இரண்டோடுதான் நிறுத்தினேன்.

என்னை முதலில் விழுங்கியது இன்னும் பல் வெட்டாத வெற்றுச் சாவிகள். ஒவ்வொரு வகைப் பூட்டின் துவாரத்துக்கும் தனி நெளிவு உண்டு. ஒன்றுக்கான சாவி மற்றொன்றில் நுழையாது. எதைக் கேட்டாலும் இருக்க வேண்டும் என்ற ஆசையில் ஏறத்தாழ 300 வகை வாங்கிச் சுவர் முழுக்கத் தொங்கவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஓராண்டு கழித்து எண்ணினால், வந்த வேலையில் பெரும்பகுதி 20 வகைக்குள் அடங்கிவிட்டது. மற்றவை இன்றும் ஒரு பெட்டியில் பளபளப்புக் குறையாமல் கிடக்கின்றன.

அடுத்தது கார்ச் சாவி. இப்போதைய சாவிகளுக்குள் ஒரு சிப் இருக்கிறது. வெட்டு சரியாக அமைந்து கதவு திறந்தாலும், அந்தச் சிப்பைக் கார் ஏற்றுக்கொள்ளாவிட்டால் எஞ்சின் ஓடாது. சிப்பைக் காரில் பதிவு செய்யும் கருவியை ஒருமுறை வாங்கினால் போதும் என்று நினைத்தேன். புதிய மாடல்கள் வர வர, மென்பொருளைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்ட வேண்டியிருக்கிறது. ஒருநாள் பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே காரின் பேட்டரி இறங்கி, உள்ளே இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டி செத்துவிட்டது. என் கைப்பணத்தில் மாற்றிக்கொடுத்தேன். 3 மாத வருமானம். காப்பீடு எடுக்கும் எண்ணம் அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் ஆண்டில் நீங்கள் கார் பக்கமே போகாதீர்கள்.

பொழுதுபோக்கைப் பற்றியும் ஒரு சொல். இடுக்கியில் பொருத்திய பூட்டு வேறு. மழையில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, பின்னால் ஒருவர் பெருமூச்சு விடும்போது திறக்கும் பூட்டு வேறு. 1851இல் லண்டனில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், யாராலும் திறக்க முடியாது என்று பெயரெடுத்திருந்த பிராமா பூட்டைத் திறந்து பெயர் வாங்கினார். அவருக்குச் சில வாரங்கள் கிடைத்தன. நமக்கு 20 நிமிடம். அவசரப்பட்டுத் துளைபோட்டால் புதுப் பூட்டு நம் செலவு.

வேண்டாம் என்று திரும்பி வரும் வேலைகளும் செலவுதான். ஒருமுறை நள்ளிரவில் ஒருவர் தன் வீடு என்று அழைத்தார். அடையாள அட்டை உள்ளே இருப்பதாகச் சொன்னார். அது நடப்பதுதான், திறந்ததும் காட்டச் சொல்வோம். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்மணி அவரைக் கண்டதும் சட்டென்று சன்னலைச் சாத்தினார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. கருவிகளை எடுத்துவைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அன்று எரிபொருள் தண்டம். கிடைத்த வசவு தனி.

தலைமாட்டுத் தொலைபேசி:
ஐயா சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். என் கணவர் இந்தத் தொழில்தான். இரவு மணி அடித்தால் எழுவது அவர் மட்டுமல்ல, வீடு முழுவதும். மகளுக்கு 7 வயதாகும்போது பள்ளி நாடகம். அவள் மேடையேறும் நேரத்தில் அழைப்பு வந்தது: பூட்டிய காருக்குள் ஒரு கைக்குழந்தை. போகாதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? அப்பா எங்கே என்று தேடியவளிடம் காரணத்தைச் சொன்னேன். “பாப்பாவை எடுத்துவிட்டார்களா?” என்று கேட்டாள். அப்புறம் 2 நாள் அவள் அப்பாவோடு பேசவில்லை.

இப்போது வாரத்தில் 2 இரவு அழைப்புகள் வேறொருவருக்குப் போகின்றன. அந்த வாடிக்கையாளர்களில் சிலர் அவரிடமே தங்கிவிட்டார்கள், போகட்டும். இன்னொன்று: பித்தளைத் தூள். தலையணை வரை வரும். கண்ணாடி போடாமல் சாவி வெட்டியதில் என் கணவர் கண்ணிலிருந்து ஒரு துணுக்கை மருத்துவர் எடுத்தார். கண்ணாடியை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

ஐந்துபின்:
இருவருக்கும் நன்றி. இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். இரவு அழைப்பு பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். வேலையை விடாமல், மாலைகளில் மாற்றுச் சாவி மட்டும் வெட்டித் தொடங்கினால்?

பழைய அரம்:
நல்லது, அப்படியே செய்யுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். தேய்ந்த சாவியை வைத்து வெட்டினால் அதன் தேய்மானமும் புதியதில் ஏறிவிடும். அதிலிருந்து இன்னொன்று வெட்டினால் பூட்டு முரண்டு பிடிக்கும். ஆள் திரும்பி வருவார், நீங்கள் இலவசமாக வெட்டித் தருவீர்கள். மூலச் சாவியைக் கேட்டு வாங்குங்கள். இயந்திரத்தின் வெட்டுச் சக்கரத்தையும் அடிக்கடி சரிபாருங்கள். வெர்னியர் பிடித்த கை, உங்களுக்கு அது வரும்.

சாவி வகைகளை வாங்குமுன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அந்தப் பெட்டியில் 280 வகை இருக்கிறது.