பொருள்: மறு: ‘பிளாக் டைம்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம். விமானக் கால அட்டவணையில் வரும் ‘பிளாக் டைம்’ (block time) என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு ஐயா ஒருவர் எழுதிய பதில்:

> விமானச் சக்கரத்துக்கு முட்டாக வைப்பதுதானே பிளாக்? ‘கட்டை நேரம்’ என்றே வைத்துவிடலாம்.

சொல் பிறந்த இடத்தை ஐயா சரியாகப் பிடித்துவிட்டார். விமானம் நின்றதும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ரப்பர் கட்டையைச் செருகுவார்கள். அதை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் மறுபடி நிறுத்தும்வரை ஆகும் நேரம் பிளாக் டைம். கால அட்டவணையில் வருவது இதுதான். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை மட்டும் கணக்கிட்டால் அது பறப்பு நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்துபோவதும் அங்கே வரிசையில் நிற்பதும் அதில் சேராது. இரண்டுக்கும் ‘பயண நேரம்’ என்றே எழுதி வருகிறோம். அதனால்தான் தனிச்சொல் வேண்டும் என்கிறேன்.

ஆனால் ‘கட்டை’ வேண்டாம் ஐயா. நம் வீடுகளில் அது சுடுகாட்டை நினைவூட்டும் சொல். மகளைப் பார்க்க லண்டன் கிளம்பும் ஓர் அம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

மயிலாப்பூர் பங்குனித் தேரை நினைத்துப் பாருங்கள். அங்கேயும் சக்கரத்துக்கடியில் முட்டுக்கட்டை கொடுத்துத்தான் தேரைத் திருப்புகிறார்கள், நிறுத்துகிறார்கள். ஆனால் மாடவீதி சுற்றி முடிந்ததும் ‘கட்டை போட்டாச்சு’ என்றா சொல்கிறோம்? ‘தேர் நிலைக்கு வந்தது’ என்கிறோம். கிளம்புவதும் நிலையிலிருந்து, சேர்வதும் நிலைக்கு. விமான நிலையம் என்பதிலும் அந்த ‘நிலை’ உண்டே! எனவே என் பரிந்துரை: நிலைக்குநிலை நேரம்.

தொலைவுக்குப் ‘பெருவட்டத் தொலைவு’ போதும். பெருவட்டம் என்பது உருண்டையைச் சரிபாதியாகப் பிரிக்கும் வட்டம். உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கிடையே மிகக் குறுகிய வழி பெருவட்டத்தில்தான் போகும். வீட்டில் உலக உருண்டை இருந்தால் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். தட்டையான படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது பசிபிக் கடலைக் குறுக்கே தாண்டும் என்று தோன்றும். நூலோ வடக்கே ஏறி, சைபீரியாவின் வடகிழக்கு மூலையைத் தொட்டு, அலாஸ்கா வழியாக இறங்கும். சுமார் 13,900 கி.மீ.

– பல்லாவரத்திலிருந்து

* * *

அண்ணா, ‘நிலைக்குநிலை’ மனதுக்குப் பிடித்திருக்கிறது. அட்டவணைக் கட்டத்தில் அடங்குமா? ‘நிலை நேரம்’ என்று சுருக்கலாமே. அப்புறம் ஒன்று: தொலைவு தெரிந்தால் வேகத்தால் வகுத்து நேரம் வந்துவிடுமே, எதற்கு இத்தனை சொற்கள்?

* * *

சுருக்கினால் விமானம் நின்றுகொண்டிருந்த நேரம் என்று பொருள் மாறிவிடும் அம்மா. கட்டத்தை அகலமாக்கிக்கொள்ளலாம்.

வகுத்தால் வராது. நியூயார்க்–லண்டன் பெருவட்டத் தொலைவு சுமார் 5,550 கி.மீ. லண்டன் போக ஏறத்தாழ 7 மணி நேரம், திரும்பி வர 8. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு ஒரு பக்கம் தள்ளிவிடுகிறது, மறுபக்கம் எதிர்க்கிறது. தொலைவு ஒன்றேதான், நேரம் திசைக்குத் திசை மாறுகிறது.

கிளம்புவதற்கு ‘நிலைபெயர்வு’, போய்ச் சேர்வதற்கு ‘நிலைசேர்வு’ என்று வைத்து, அட்டவணையில் இப்படி எழுதிப் பார்த்தேன்: ‘சென்னை–லண்டன்: பெருவட்டத் தொலைவு சுமார் 8,200 கி.மீ. நிலைபெயர்வு, நிலைசேர்வு: அந்தந்த ஊர் நேரப்படி.’ உரக்கப் படித்தேன், நாக்கில் எங்கும் தட்டவில்லை. ஐயாவும் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்லட்டும்.