ஃபிஷ் ஷோ போய்ட்டு வந்தேன், அந்த இருபது நிமிஷத்துல என்னதான் நடந்துச்சு?

கடைசிவரிசை:
முதல்லயே சொல்லிடறேன், கிண்டல் பண்ண வரல. ஆபீஸ் நண்பன் ஒருத்தன் இழுத்துட்டுப் போனான், ஃபிஷ்னு (Phish) ஒரு அமெரிக்க ராக் பேண்ட், அவங்க சம்மர் டூர்ல வாஷிங்டன் ஸ்டேட் கார்ஜ் ஆம்ஃபிதியேட்டர் ஷோ. இடத்தைப் பத்தி சொல்லவே வேணாம், மேடைக்குப் பின்னாடி பள்ளத்தாக்கு, கீழ கொலம்பியா ஆறு, சூரியன் அங்கேயே இறங்குது, அதுக்கே டிக்கெட் காசு சரியாப்போச்சு. முதல் செட் ஓகே, பாட்டு பாட்டா போச்சு. பிரேக் முடிஞ்சு ரெண்டாவது செட்ல ஒண்ணு ஆரம்பிச்சாங்க பாருங்க, பாடுறது நாலு நிமிஷத்துல முடிஞ்சிருச்சு, பாட்டு மட்டும் முடியல. இருபது நிமிஷத்துக்கு மேல ஓடுது. நடுவுல ஒண்ணுமே நடக்காத மாதிரி கொர்ர்ர்னு ஒரு சத்தம், சரின்னு போனை எடுத்து மணி பாத்தேன், தலைய நிமிர்த்தினா சுத்தி நிக்கிற அத்தனை பேரும் கைய தூக்கி கத்துறாங்க, பக்கத்துல ஒரு பெரியவர் கண்ணைத் தொடச்சிக்கிறாரு, எங்கிருந்தோ ஒரு பச்சை லைட் குச்சி பறந்து வந்து என் மண்டைல விழுது. மணி பாத்த கேப்புல நான் எதை விட்டேன்? நண்பன்ட்ட கேட்டா "டைப் டூ மச்சி"ங்கறான், அதுக்கு மேல பேச மாட்டேங்கறான்.

பழைய_கேசட்:
உங்க நண்பர் சொன்னது சரிதான், ஆனா அப்படி சொன்னா யாருக்குப் புரியும். டைப் ஒண்ணுன்னா பாட்டோட கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள்) வரிசையும் ரிதமும் அப்படியே ஓடும், அதுக்கு மேல கிட்டாரிஸ்ட் ட்ரே கிட்டார்ல ஏத்திக்கிட்டே போவாரு. டைப் ரெண்டுன்னா பாட்டையே விட்டு வெளிய வந்துடுவாங்க, கீ (சுருதி), டெம்போ (வேகம்) எதுவுமே பழசோடது இருக்கணும்னு இல்ல. இதெல்லாம் ரசிகருங்க வச்ச பேரு. நீங்க சொல்ற கொர்ர்ர் இருக்கே, அதுதான் பழசு கரைஞ்சு புதுசு இன்னும் வராத இடம், அங்க நாலு பேரும் தேடிக்கிட்டு இருப்பாங்க. பேஸ் கிட்டார் வாசிக்கற மைக்குங்கறவரு ஒரு நோட்டை மாத்துவாரு, கீபோர்டுக்காரர் பேஜ் அதைப் பிடிப்பாரு, திடீர்னு சோகமான மைனர்ல கெடந்தது பிரகாசமான மேஜருக்குத் திரும்பும், அந்த நொடிலதான் மொத்த கூட்டமும் கத்தும். கரெக்டா அப்பதான் நீங்க மணி பாத்திருக்கீங்க!

லைட்டையும் கவனிச்சீங்களான்னு தெரியல. கிறிஸ் குரோடா 1989ல இருந்து இவங்களுக்கு லைட் பண்றாரு, ஜாம், அதாவது மேடையிலேயே கற்பனையா வாசிக்கறது, எங்க போகுதோ லைட்டும் அந்த நேரத்துலயே கூட போகும். குச்சி அடி வாங்கினதுக்கு வாழ்த்துகள், எல்லாரும் வாங்கினதுதான்.

மிருதங்கப்பிரியன்:
நம்ம ஆளுங்களுக்கு இது ஈஸியா புரியணுமே. ராகம் தானம் பல்லவி கேட்டதில்லையா? ஒரே ராகத்தை முக்கால் மணி நேரம் இழுக்கறப்ப யாராவது மணி பாப்பாங்களா (சரி, சில பேர் கேன்டீன் போவாங்க). அதே மனோதர்மம்தான் இது.

ஏழாம்_நம்பர்_லான்:
மிருதங்கம் சார், இதை ஒத்துக்க மாட்டேன். கச்சேரில மெயின் ஆர்டிஸ்ட்னு ஒருத்தர் இருக்காரு, வயலின் அவரைத்தான் தொடரும், தனி ஆவர்த்தனம் வந்தா பாடகர் தாளம் போட்டுட்டு உக்காந்துப்பாரு. இங்க யாரும் யாருக்கும் வழிவிட்டு ஒதுங்கறது கம்மி. யாரு லீட்னே சொல்ல முடியாம ஆகுதே, அந்த ஜாம்தான் நல்ல ஜாம். ஆரம்ப காலத்துல இவங்க ஒரு பயிற்சி பண்ணுவாங்க, ஒருத்தர் ஒரு சின்ன வரியை வாசிப்பாரு, மத்த மூணு பேரும் அதோட பொருந்துற மாதிரி ஆளுக்கு ஒண்ணு கண்டுபிடிக்கணும், மத்தவங்க எல்லாரும் அவங்கவங்க வரியைக் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு தோணினா "ஹே"ன்னு குரல் குடுக்கணும். யோசிச்சுப் பாருங்க, நீங்க வாசிக்கறதை விட அடுத்தவன் என்ன வாசிக்கறான்னுதான் காது இருக்கணும். மணிக்கணக்கா இதைப் பண்ணின காதுங்க அது. அதனால கிட்டாரை மட்டும் துரத்தாதீங்க, அடுத்த தடவை டிரம்மர் ஃபிஷ்மேனோட டிரம்ஸை மட்டும் பத்து நிமிஷம் பிடிச்சுப் பாருங்க.

அப்புறம் 20 நிமிஷம்லாம் நீளமே இல்ல. 2013 ஜூலை 31, லேக் டாஹோ ஷோ, இவங்களோட "ட்வீசர்" பாட்டு 36 நிமிஷத்துக்கு மேல போச்சு.

கடைசிவரிசை:
ஓ அப்ப அந்த "வூ"? இவங்க ஒரு நொடி நிறுத்தினா ஜனங்க கரெக்டா வூங்கறாங்க, ரிகர்சல் பாத்துட்டு வந்த மாதிரி.

ஏழாம்_நம்பர்_லான்:
அதுவும் அதே டாஹோ ராத்திரி பிரபலமானதுதான். பாதி பேருக்குப் பிடிக்கும், பாதி பேருக்கு வெறுப்பு. நான் ரெண்டாவது கோஷ்டி.

பழைய_கேசட்:
பெரியவர் ஏன் அழுதாருன்னு நமக்குத் தெரியாது, ஆனா ஊகம் பண்ணலாம். இவங்க ஒவ்வொரு ராத்திரியும் வேற வேற லிஸ்ட் வாசிக்கறவங்க, 2017ல நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல 13 ராத்திரி, 237 பாட்டு, ஒண்ணு கூட திரும்ப வரல. ஒரு குறிப்பிட்ட பாட்டுக்காக வருஷக்கணக்கா ஷோ ஷோவா காத்துட்டு இருக்கறவங்க உண்டு.

சரி, வேலைய சொல்றேன். நீங்க போன ஷோவோட ரெக்கார்டிங்கை இவங்களே வெளியிடுவாங்க, கூட்டத்துக்குள்ள மைக்ரோஃபோன் நட்டு ரெக்கார்ட் பண்ற டேப்பர்ஸோடதும் கிடைக்கும். கிரேட்ஃபுல் டெட்ங்கற பழைய அமெரிக்க ராக் பேண்ட் 1984ல டேப்பர்ஸுக்குத் தனி இடமே ஒதுக்கினாங்க, ஃபிஷ்லயும் அதே வழக்கம்தான், ரெக்கார்ட் பண்ணு, பகிரு, விக்காத. டேப்பரோடதையே கேளுங்க, கூட்டத்தோட சத்தமும் வேணும் உங்களுக்கு. ஹெட்ஃபோன்ல.

கடைசிவரிசை:
கேட்டேன். நேத்து ராத்திரி ரெண்டு தடவை. 13வது நிமிஷத்துல கொர்ர்ர் ஆரம்பிக்குது, அப்ப எனக்கு அது சும்மா சத்தமாதான் இருந்துச்சு, இப்ப கேட்டா உள்ள பேஸ் ரெண்டே நோட்டை மாத்தி மாத்தி வாசிச்சிட்டே இருக்கு, பியானோ அதுல ஒண்ணைப் பிடிச்சுக்குது, டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமா மேல வருது, கிட்டார் கடைசிலதான் சேருது, சேர்ந்த உடனே அந்தக் கத்தல். அந்த இடத்துல நானும் அங்க நின்னுட்டுதான் இருந்தேன்னு நெனச்சா எரிச்சலா இருக்கு. நண்பன் அடுத்த சம்மருக்கு இப்பவே கூப்பிடறான். வரேன்னுட்டேன், போனை கார்லயே விட்டுட்டுப் போறதா ஐடியா, ஒரு தொப்பியும் வாங்கணும், குச்சிக்கு.