சிபி-ரோபோ ஜிப் லாஷ்: ஐடியா இவ்ளோ அழகு, ஆனா ஏன் ஆட ஆட சலிக்குது?

வயர்வால்:
ரொம்ப நாளா வாங்கி வச்சு தொடாமலே இருந்த 3டிஎஸ் (நின்டெண்டோவோட கைல வச்சு ஆடுற, மடக்கி மூடுற மிஷின்) கேம், போன வாரம் தான் எடுத்தேன். 2015ல வந்தது. தெரியாதவங்களுக்கு சொல்றேன், ஹீரோ ஒரு பத்து சென்டிமீட்டர் உயர ரோபோ, பின்னாடி வால் மாதிரி வயர், நுனில பிளக். அந்த பிளக்க சாட்டையா சுழட்டி எதிரிய அடிக்கணும், எட்டாத இடத்துல அதையே வீசி மாட்டி ஏறணும், சார்ஜ் இறங்குச்சுன்னா அதே பிளக்க சாக்கெட்ல சொருகி ஏத்திக்கணும். ஒரே வால் தான் ஆயுதம், ஏணி, உயிர் எல்லாமே. இத யோசிச்ச ஆளுக்கு சிலை வைக்கலாம்னு தான் ஆரம்பத்துல தோணுச்சு.

இப்போ மூணாவது உலகத்துல நிக்கிறேன், ஒரு லெவல் முடிஞ்சதும் கை தானா மூடிய மூடிடுது. பக், கோளாறு எதுவும் இல்ல, கஷ்டமும் இல்ல, பாக்க நல்லாவும் இருக்கு, ஆனா ஆடுற மாதிரியே இல்ல, ஏதோ வேலைய முடிச்சு குடுக்குற மாதிரி இருக்கு. இது எனக்கு மட்டும் தானா? பின்னாடி மாறுமா, இல்ல இங்கயே விட்டுடலாமா? முடிச்சவங்க யாராவது சொல்லுங்கப்பா.

தட்டுமுட்டு:
உனக்கு மட்டும் இல்ல தல. நான் முழுசா முடிச்சவன், முடிச்சதுக்கு காரணம் பாதி பிடிவாதம்.

முதல்ல அந்த சக்கரம். ஒரு உலகத்துக்கு ஆறு லெவல், நியாயமா பாத்தா ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. இதுல சக்கரத்த சுத்தணும், ஒண்ணு ரெண்டு மூணுல எது விழுதோ அத்தன கட்டம் நகரணும், ஏற்கனவே முடிச்ச லெவல் மேல போய் நின்னா திரும்ப அதையே ஆடணும். தாயம் விழலன்னு வெட்டுப்பட்ட காய் மாதிரி உக்காந்திருக்கணும். இதுல கொடும என்னன்னா சக்கரம் மெதுவா தான் சுத்தும், கொஞ்சம் கவனிச்சா வேணுங்கிற நம்பர்ல நிறுத்திடலாம், அப்படின்னா அது அதிர்ஷ்டமும் இல்ல, நாம தேர்ந்தெடுக்கிறதும் இல்ல, நடுவுல சும்மா ஒரு சுங்கச்சாவடி.

இது டிவி முன்னாடி உக்காந்து ஆடுற கேம்னா கூட கொஞ்சம் பொறுத்துக்கலாம். கைல வச்சு ஆடுறவன் கிடைக்கிற இருபது நிமிஷத்துல ஒரு லெவல் முன்னேறிட்டு மூடி வைக்கணும்னு நினைப்பான், அந்த இருபது நிமிஷத்துல பழைய லெவலையே மறுபடி குடுத்தா எவனுக்கு கடுப்பாகாது? மூடிய மூடினா தூங்கி, திறந்தா விட்ட இடத்துலயே எழுந்திரிக்கிற மிஷின்ல போய் இப்படி ஒண்ண வச்சிருக்காங்க.

ஆனா என் உண்மையான வருத்தம் சக்கரம் இல்ல. இந்த தொடரோட முதல் கேம் 2005ல நின்டெண்டோவோட கேம்கியூப்ங்கிற டிவி மிஷின்ல வந்துச்சு. கதை ஒரே வீட்டுக்குள்ள தான். வேலையில்லாத அப்பா, மனசு விட்டுப்போன அம்மா, தன்ன தவளன்னு நினைச்சுக்கிற பொண்ணு, இவங்களுக்கு நடுவுல இந்த குட்டி ரோபோ கறை துடைச்சுக்கிட்டு குப்ப பொறுக்கிக்கிட்டு சுத்தும். ஒரு படிக்கட்டு ஏறுறதுக்கே திட்டம் போடணும், நாலு எட்டு வச்சா சார்ஜ் குறையும், அதனால ஒவ்வொரு சாக்கெட்டும் தண்ணிப்பந்தல் மாதிரி தெரியும். நீ குட்டிங்கிறது உன் கைக்கே தெரியும்.

ஜிப் லாஷ்ல ஏலியன் வந்து பூமியோட வளத்தெல்லாம் திருடுது, நீ உலகம் பூரா பறந்து சண்ட போடுற. சரி, ஆனா ஐஸ் குகையிலயும் இடிஞ்ச கோட்டையிலயும் பத்து சென்டிமீட்டர் ரோபோவும் ஒண்ணு தான் ஆறடி ஆளும் ஒண்ணு தான், பக்கத்துல ஒரு செருப்பு கிடந்தா தானே அது குட்டின்னு தெரியும். சார்ஜும் அப்படியே, பேட்டரி இறங்கிக்கிட்டே தான் இருக்கு, ஆனா சாக்கெட் தேடி நான் பயந்து ஓடினதா ஒரு ஞாபகமும் இல்ல.

ஒத்தபட்டன்:
எல்லாரும் சேர்ந்து அந்த பாவப்பட்ட ரோபோவ மொத்துறீங்களேய்யா 😄 எனக்கு புடிச்சுது. என் அக்கா பையன் முதன்முதலா முழுசா முடிச்ச பிளாட்ஃபார்மர் (ஓடி தாவி ஏறி போற கேம்) இது தான். விழுந்தாலும் பெருசா தண்டன இல்ல, வயர் எங்க போய் படும்னு கோடு போட்டு காட்டிடுது, குப்பைய சேத்து எரிச்சு வாட்ஸா, அதாவது கரண்டா மாத்துறதுல அவனுக்கு அவ்ளோ சந்தோஷம். நிஜத்துல இருக்கிற தின்பண்ட பாக்கெட்டுங்கள லெவல்ல கண்டுபிடிச்சு பொம்மைங்களுக்கு குடுக்கிறது கூட நல்ல ஐடியா தான். நாப்பது கேம் ஆடி முடிச்ச கை வச்சு பாத்தா சப்புன்னு தான் இருக்கும்.

கொக்கிமாமா:
தம்பி சொல்றது ஒரு அளவுக்கு சரி, ஆனா குழந்தைங்களுக்கான கேம்ங்கிறதால ஆட்டம் மந்தமா இருக்கணும்னு எந்த சட்டமும் இல்லையே. ஈசிங்கிறது வேற, மந்தம்ங்கிறது வேற.

நான் இந்த கயிறு வீசுற கேமுங்களுக்குன்னே ஒரு பைத்தியம், அதனால கொஞ்சம் நீட்டிடுவேன், பொறுத்துக்கோங்க. 1988ல நின்டெண்டோவோட பழைய டிவி மிஷின் என்இஎஸ்ல பயோனிக் கமாண்டோ வந்துச்சு, அதுல ஜம்ப் பட்டனே கிடையாது. பக்கத்துல இருக்கிற சின்ன திட்டு மேல ஏறணும்னாலும் இரும்புக்கைய வீசித்தான் ஆகணும். முதல் அரைமணி நேரம் கேம தூக்கி எறியலாம்னு இருக்கும், அப்புறம் அந்த கையே கால் ஆயிடும். 1994ல அதுக்கு அடுத்த மிஷின் சூப்பர் ஃபேமிகாம்ல உமிஹரா கவாசேன்னு ஒரு கேம், ஒரு பொண்ணு தூண்டில் வச்சுக்கிட்டு வருவா. நரம்பு ரப்பர் மாதிரி இழுபடும், சுவர்ல கூரைல எங்க வேணா முள்ள மாட்டலாம், நீளத்த கூட்டலாம் குறைக்கலாம், தொங்கி ஆடி வேகம் ஏத்திக்கிட்டு சரியான நேரத்துல விட்டா கவண்கல்லு மாதிரி பறப்பா. அதோட அடுத்த பாகம் ஒண்ணு இதே 3டிஎஸ்க்கே 2013ல வந்துச்சு, அதனால கைல புடிக்கிற மிஷின்ல இதெல்லாம் வராதுன்னு சாக்கு சொல்ல முடியாது.

இப்போ ஜிப் லாஷ பாருங்க. வயர நீளமா வீசணும்னா நின்னு குறி வைக்கணும், வைக்கும்போது ஓட முடியாது. மாட்ட முடிஞ்ச இடம் எல்லாத்தையும் கேமே அடையாளம் போட்டு வச்சிருக்கும். மாட்டினா வயர் உன்ன இழுத்துட்டு போய் அங்க விட்டுடும், நடுவுல உனக்கு வேலையே இல்ல. அப்படின்னா அது கயிறு இல்ல, லிஃப்ட். வயர்வால் சொன்ன அந்த ‘வேலைய முடிச்சு குடுக்குற மாதிரி’ங்கிற உணர்வு இங்க இருந்து தான் வருது, ஓடு, நில்லு, குறி வை, போ, மறுபடி ஓடு, நில்லு.

வீசின பிளக் சுவத்துல பட்டு தெறிச்சு வேற பக்கம் போகும் பாத்தீங்களா, அது மட்டும் தங்கமான ஐடியா. மூணு சுவத்துல தட்டி மூலைல இருக்கிற சாமான புடிக்கும்போது கேரம்போர்டுல ரீபவுண்ட் அடிச்ச சந்தோஷம். அத வச்சே முழு கேம் பண்ணிருக்கலாம். ஆனா வயரோட நீளம் லெவலுக்குள்ள உருண்டைங்கள பொறுக்கினா தான் கூடும், லெவல் முடிஞ்சா மறுபடி குட்டை. சேத்தது எதுவும் கூட வரல, அப்புறம் எதுக்கு பாசம் வரும் அந்த வயர் மேல?

அந்த வண்டி லெவலுங்க, சப்மரீன், ஸ்கேட்போர்டு, பலூன், அதப்பத்தி பேச வேணாம். வாலுக்காக வாங்கின கேம்ல வாலுக்கு லீவு விட்ட லெவலுங்க.

வயர்வால்:
கொக்கிமாமா, லிஃப்ட்னு சொன்னீங்க பாருங்க, நாலு நாளா வாய்ல வராம இருந்த வார்த்த அது. நேத்து நைட்டு இத மனசுல வச்சே ஒரு லெவல் ஆடிப்பாத்தேன், எந்த இடத்துல எனக்கு சிரிப்பு வருதுன்னு கவனிச்சேன், மொத்தமே ரெண்டு இடம், ரெண்டும் அந்த தெறிக்கிற விஷயம் தான்.

ஒத்தபட்டன், உங்க அக்கா பையன் மேட்டர் நியாயம் தான், நான் ஆடுற விதமும் தப்பா இருக்கலாம், எல்லாத்தையும் பொறுக்கணும்னு நினைச்சு ஒவ்வொரு மூலையா தடவிக்கிட்டு போறேன். தட்டுமுட்டு, அந்த சக்கரத்துக்கு ஏதாவது வழி இருக்கா? நேத்து ஒரே லெவல மூணு தடவ ஆட வச்சிருச்சு.

தட்டுமுட்டு:
இருக்கு. கேம்ல சேக்குற காசு சும்மா தானே கிடக்கும், அத குடுத்து சக்கரத்துல இருக்கிற நம்பருங்கள மாத்திக்கலாம், உனக்கு எது வேணுமோ அந்த நம்பராவே போட்டுடு. அப்புறம் லெவல் கடைசில வர்ற பறக்கும் தட்டுங்கள்ல தங்க கலர் தட்ட பிடி, அதுக்கு தான் அதிக சுத்து, ஒண்ணு சரியா விழலன்னா அடுத்தது சுத்திக்கலாம். தின்பண்டம் பொம்மையெல்லாம் இப்போதைக்கு மறந்துடு, நேரா பாஸுக்கு (உலகத்தோட கடைசில நிக்கிற பெரிய எதிரி) போ. பாஸ் சண்டைங்க தான் இந்த கேம்ல கொஞ்சம் உருப்படி.

கொக்கிமாமா:
நாலாவது உலகம் வரைக்கும் போயும் சிரிப்பு வரலன்னா விட்டுடு தம்பி, பாவம் ஒண்ணும் இல்ல. மிச்ச நேரத்துக்கு அந்த தூண்டில் பொண்ணு இருக்கா. முதல் ஒரு மணி நேரம் என்ன திட்டுவ, பரவால்ல.