மேலத்தெரு சொந்தங்கள்

பெரியப்பா, காலை 6:10
களத்துப் பக்கத்து மண்சுவர் மழையில் விழுந்துவிட்டது. சுவர் கொத்தனாரின் தொடைமேல் கிடக்கிறது. பேச்சு இருக்கிறது.

சின்னவன், 6:11
கடப்பாரையோடு பத்துப் பேர் வாங்க. ஒரே நெம்புதான்.

பாளை மதினி, 6:12
நெம்பாதீங்க! எப்போது விழுந்தது? நெஞ்சிலோ முகத்திலோ மண் இருந்தால் அதை மட்டும் உடனே எடுங்கள்.

பெரியப்பா, 6:13
முகம், நெஞ்சு சரியாக இருக்கும்மா. ராத்திரி இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டதாம், இடி என்று நினைத்திருக்கிறார்கள்.

பாளை மதினி, 6:15
நாலு மணி நேரம் ஆகிவிட்டதே மாமா. நசுங்கிய சதையிலிருந்து பொட்டாசியம் வெளியேறித் தேங்கிக் கிடக்கும். சுவரை எடுத்ததும் அது இரத்தத்தில் இறங்கினால் இதயம் நிற்கும். பேசிக்கொண்டிருப்பவரே பொசுக்கென்று போய்விடுவார். முதலில் சலைன், அப்புறம் சுவர். நர்ஸ் அக்காவைக் கூப்பிடுங்கள். அவர் வரத் தாமதமானால் சொல்லுங்கள், ரொம்ப நேரம் காத்திருக்கவும் கூடாது. டூட்டி டாக்டரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

சின்னவன், 6:24
அக்கா வந்தாச்சு. நார்மல் சலைன் (என்.எஸ்.), ரிங்கர் லாக்டேட் (ஆர்.எல்.) இரண்டு டிரிப்பும் இருக்கிறது.

பாளை மதினி, 6:25
ஆர்.எல். வேண்டாம் தம்பி, அதில் பொட்டாசியம் உண்டு. என்.எஸ். மட்டும், கையில். முதல் மணி நேரத்தில் ஒரு லிட்டர்.

சித்தி, 6:28
நாக்கு வறண்டு கிடக்கிறார். இளநீர் வெட்டி வைத்திருக்கிறேன்.

பாளை மதினி, 6:28
ஐயோ சின்னத்தை, அதிலும் பொட்டாசியம்தான்! பச்சைத் தண்ணீர், மடக்கு மடக்காக.

பெரியப்பா, 6:40
வலியில் துடிக்கிறார். என்னிடம் டைக்ளோஃபெனாக் இருக்கு.

பாளை மதினி, 6:40
அது கிட்னியைக் கெடுக்கும் மாமா. பாரசிட்டமால் போதும்.

சின்னவன், 7:02
இரண்டாவது பாட்டில் ஓடுகிறது. டாக்டர் போனில் சரி சொன்னதும் சுவரை எடுத்துவிட்டோம். கால் வீங்கிக் கல் மாதிரி இருக்கு. ஆச்சி எண்ணெய் காய்ச்சுகிறாள்.

பாளை மதினி, 7:03
ஆச்சியைப் பிடித்து உட்கார வை. நீவக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, தூக்கியும் வைக்கக்கூடாது. நெஞ்சு மட்டத்தில் பலகை வைத்து அசையாமல். கால் விரலை மெல்ல நீட்டிப் பார். உயிர் போகிற மாதிரி வலித்தால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது, சர்ஜன் கீறிவிட வேண்டிவரும்.

சின்னவன், 7:09
கத்திவிட்டார் மதினி. பச்சையாற்றுத் தண்ணீர் இப்போதுதான் வடிகிறது, 108 அக்கரையில் நிற்கிறது. டிராக்டரில் கடத்துகிறோம்.

பாளை மதினி, 7:10
சலைன் நிற்கக்கூடாது. சிறுநீர் பிடிக்கக் காலி பாட்டில் எடுத்துக்கொள். நிறம் சொல்.

சின்னவன், 8:20
ஆம்புலன்ஸில் ஏறியாச்சு. சிறுநீர் கடுங்காப்பி மாதிரி வருது. இரத்தமா?

பாளை மதினி, 8:22
மயோகுளோபின், சதை சிதைந்து வருவது. கிட்னியை அடைப்பது இதுதான். 1941-ல் லண்டன் குண்டுவீச்சு இடிபாட்டிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாளில் கிட்னி நின்று இறந்ததை பைவாட்டர்ஸ், பீல் என்ற இரண்டு டாக்டர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அன்றைக்கு டயாலிசிஸ் கிடையாது. இங்கே ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் இருக்கிறது, நேரே வாருங்கள். வாசலில் நிற்கிறேன்.

சித்தி, 8:31
அப்போ இந்த இளநீர்?

பாளை மதினி, 8:33
டிராக்டர் ஓட்டின பையனுக்குக் கொடுங்க சின்னத்தை.