வீட்டு மக்கள் குழு: ஜிம்மிக்கு என்ன நாற்றம்?

மாலை 6:40

அம்மா: ஜிம்மி பக்கத்தில் போக முடியவில்லை. நேற்று வரை ஒன்றும் இல்லை, இன்று காலையில் திடீரென்று ஒரு நாற்றம். மதியம் சின்னவன் நன்றாகத் தேய்த்துக் குளிப்பாட்டினான். ஒரு மணி நேரம் கூடத் தாங்கவில்லை, மறுபடியும் அதே நாற்றம். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வருகிறீர்கள், என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்

அத்தை: அந்த சோபாவில் நான் உட்கார மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்

பெரியப்பா: நாய் என்றால் நாறத்தான் செய்யும்

தம்பி: இது நாய் வாடை இல்லை பெரியப்பா. வேறு

நான்: எப்படி நாறுகிறது? மீன் கவிச்சியா, புளித்த வாடையா, அழுகின வாடையா?

அம்மா: நாற்றத்தில் என்ன வகை. நாற்றம்தான்

அண்ணன்: எதிலாவது புரண்டிருப்பான். செத்த எலி ஏதாவது

தம்பி: குளிப்பாட்டின பிறகு வெளியே விடவே இல்லை அண்ணா

சித்தி: பாவம்

அத்தை: கொஞ்சம் வாசனைப் பவுடர் போட்டு விடுங்களேன்

சித்தப்பா: யாரும் எதையும் போட வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். அண்ணி, நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. குளிப்பாட்டியும் ஒரு மணி நேரத்தில் நாற்றம் திரும்பி வந்தால் அது ரோமத்தில் ஒட்டின அழுக்கு இல்லை, உடம்பில் ஏதோ ஓர் இடத்திலிருந்து ஊறிக்கொண்டே இருக்கிறது. நாய்க்குத் திடீர் நாற்றம் பெரும்பாலும் நாலைந்து இடத்திலிருந்துதான் வரும்: வாய், காது, தோல், வாலுக்கு அடியில். முதலில் பார்க்க வேண்டியது வாலுக்கு அடியில். மலத்துவாரத்தின் இரண்டு பக்கமும், கடிகாரத்தில் 4 மணியும் 8 மணியும் இருக்கும் இடத்தில், தோலுக்குள்ளே இரண்டு சின்னப் பைகள் உண்டு. மலம் இறுகலாகப் போனால் அந்த அழுத்தத்திலேயே அதுவாகக் காலியாகிவிடும். இளகிப் போனால் காலியாகாமல் தேங்கும். பயந்தாலும் சட்டென்று கக்கிவிடும். மீன் கவிச்சியும் இரும்புத் துருவும் கலந்த மாதிரி இருக்கும், ஒரு சொட்டு சோபாவில் பட்டால் போதும். ஜிம்மி தரையில் பின்பக்கத்தை இழுத்துக்கொண்டு போகிறானா? அங்கேயே நக்கிக்கொண்டு இருக்கிறானா?

அத்தை: கடிகாரம் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் அப்பாவுடைய கைக்கடிகாரம் கடைசியில் யாரிடம்தான் இருக்கிறது?

பெரியப்பா: மறுபடியும் ஆரம்பிக்காதே

அத்தை: கேட்டால் ஆரம்பிக்கிறதா அண்ணா?

தம்பி: இழுக்கவில்லை சித்தப்பா. நக்கவும் இல்லை

சித்தப்பா: அங்கே வீக்கம், சிவப்பு, சீழ், ரத்தம்?

தம்பி: வாலைத் தூக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது

அண்ணன்: அம்மா, நாற்றம் சோபாவில் எந்தப் பக்கம்?

அம்மா: கைப்பிடிப் பக்கம். அவன் தலை வைத்துப் படுக்கிற இடம். அங்கே ஈரமாகவும் இருக்கிறது

நான்: அப்படியென்றால் முன்பக்கம் பார்க்க வேண்டாமா

சித்தி: பாப்பா சொல்வது சரி

மாலை 7:05

பெரியப்பா: (முன்னனுப்பப்பட்டது) செல்லப் பிராணிகளின் துர்நாற்றம் ஒரே நாளில் நீங்க எலுமிச்சைச் சாறும் வினிகரும் கலந்து உடம்பு முழுவதும் தடவவும். அனைவருக்கும் பகிரவும்

சித்தப்பா: அண்ணா, வேண்டாம். எங்காவது தோல் புண்ணாகி இருந்தால் எரியும், நக்கி நக்கி இன்னும் பெரிய புண்ணாக்கிவிடுவான்

அண்ணன்: என்னிடம் டீ ட்ரீ எண்ணெய் இருக்கிறது. கிருமிக்கு நல்லது என்று வாங்கினேன்

சித்தப்பா: ஐயோ, அதை நாய் இருக்கும் பக்கமே கொண்டுவராதே. அது நாய்க்கு விஷம். தோல் வழியாகவும் ஏறும், நக்கினால் வயிற்றுக்கும் போகும், கால் தள்ளாடி விழும். மனிதர்களுக்கு நல்லது என்றால் நாய்க்கும் நல்லது என்று எதையும் எடுக்காதீர்கள். வலி மாத்திரை கூட வீட்டில் இருப்பதைக் கொடுத்துவிடக் கூடாது, பாரசிட்டமால், ஐபுரூஃபன் எதுவுமே

பெரியப்பா: நான் நல்லதற்குத்தான் அனுப்பினேன்

சித்தி: தெரியும் மாமா

சித்தப்பா: சின்னவனே, இப்போது நான் சொல்கிற மாதிரி செய். நாயின் பக்கத்தில் உட்கார்ந்து மோந்தால் எல்லாமே நாறும், எங்கிருந்து என்று தெரியாது. வெள்ளைத் துணியைத் துண்டு துண்டாகக் கிழித்துக்கொள். ஓர் இடத்துக்கு ஒரு துண்டு. வலது காது, இடது காது, உதட்டு மடிப்பு, கழுத்தில் பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கு, வாலடி. இலேசாக ஒரு முறை துடைத்து, எது எங்கே துடைத்தது என்று மூலையில் பேனாவால் எழுதி, எல்லாவற்றையும் வேறு அறைக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக மோந்து பார். துணியின் நிறத்தையும் பார். காதில் பட்ஸ் விடாதே. நாயின் காதுக் குழல் நேராக இல்லை, கீழே இறங்கி அப்புறம் உள்ளே திரும்பும், பட்ஸ் விட்டால் அழுக்கை மூலைக்குத் தள்ளத்தான் செய்யும். வெளிப்பக்கம் மட்டும் துடை, போதும்

தம்பி: சரி சித்தப்பா

அம்மா: என் புதுத் தலையணை உறையைக் கிழித்துவிடாதேடா

தம்பி: பழைய வேட்டிதான் அம்மா

அப்பா: எந்த வேட்டி

மாலை 7:20

சித்தப்பா: அவன் துடைக்கிற நேரத்தில் சொல்லிவிடுகிறேன். காது என்றால் புளிப்பும் பூஞ்சையும் கலந்த வாடை, துணியில் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பாக வரும், தலையை உதறிக்கொண்டே இருப்பான். மலாசீசியா என்று ஓர் ஈஸ்ட், தோலில் எப்போதும் கொஞ்சம் இருப்பதுதான், ஈரம் தங்கினால் பெருகிவிடும். ஜிம்மிக்குத் தொங்கு காது, குளித்த பிறகு காற்றே போகாது. தோல் என்றால் ரோமத்தை விலக்கி விலக்கிப் பார்க்க வேண்டும், அடர்ந்த ரோமத்துக்குக் கீழே புண் இருந்தாலும் வெளியே தெரியாது, சீழோ புழுவோ வைத்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். பெண் நாயாக இருந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் கருப்பையைத்தான் யோசிப்பேன். பொன்னிக்கு நடந்தது அதுதானே. ஹீட்டு, அதாவது இணைசேரும் பருவம், முடிந்து சில வாரம் கழித்து வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தாள், சாப்பாட்டைத் தொடவில்லை, பின்பக்கம் அந்த நாற்றம். உள்ளே சீழ் பிடித்துவிட்டது. அதற்கெல்லாம் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. அன்று நான் சொன்னேன், வயதாகிவிட்டது அப்படித்தான் இருக்கும் என்றார்கள்

பெரியப்பா: சொன்னது நம் அப்பா. நான் இல்லை

சித்தப்பா: நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள் அண்ணா

அத்தை: டேய் விடு. பொன்னியை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது

அப்பா: ஜிம்மி ஆண்

சித்தி: அதுதானே

அண்ணன்: ஞாயிற்றுக்கிழமை நாங்கள் காலையிலேயே வந்துவிடவா, மதியமா?

அம்மா: காலையிலேயே வா. பிள்ளைகளை மாடி அறையில் படுக்க வைக்கலாம்

அத்தை: மாடி அறை எனக்கென்று சொன்னீர்கள் அண்ணி

அம்மா: உனக்கு மூட்டு வலி, படி ஏற வேண்டாம் என்று நினைத்தேன்

அத்தை: ஏறுவேன்

மாலை 7:45

தம்பி: (படம்)

தம்பி: காது இரண்டும் சுத்தம். கழுத்துப் பட்டை லேசாக ஈரமாக இருந்தது, கழற்றிக் காயப் போட்டுவிட்டேன், அந்த வாடை வேறு, சும்மா ஈர வாடை. கால் ஒன்றும் இல்லை. வாலடி ஒன்றும் இல்லை. உதட்டில் துடைத்த துணிதான். இடது பக்கம். அக்கா, மோந்த உடனே குமட்டிக்கொண்டு வந்தது. அழுகின வாடை. துணியில் எச்சிலோடு பழுப்பாக ஒரு கோடு, ஓரத்தில் இலேசாக ரத்தம்

நான்: வலது பக்கத் துணி?

தம்பி: அதில் சாதாரண எச்சில்தான்

அம்மா: இரண்டு நாளாகத் தட்டில் பாதியை வைத்துவிடுகிறான். நான் வெயில் என்று நினைத்தேன்

சித்தப்பா: கிடைத்துவிட்டது. வாய்தான், அதுவும் ஒரு பக்கம். சாதாரணப் பல் காரை என்றால் நாற்றம் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், இப்படி ஒரே நாளில் வராது. ஒரே பக்கம், திடீரென்று, எச்சில், ரத்தம் என்றால் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, குச்சியோ எலும்போ மேல் அண்ணத்தில் இரண்டு பக்கக் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே குறுக்காகச் சிக்கி இருக்கலாம். அது அங்கேயே ஊறி அழுகும். இன்னொன்று, பல் உடைந்து வேரில் சீழ். மேல் வரிசையில் பெரிய கடைவாய்ப் பல் ஒன்று உண்டு, அதன் வேர் கண்ணுக்குக் கீழே வரை போகும், அங்கே சீழ் வைத்தால் கண்ணுக்குக் கீழே வீங்கும். முகத்தை முன்காலால் தேய்க்கிறானா? மெல்லும்போது தலையைச் சாய்க்கிறானா?

தம்பி: காலையிலிருந்து முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறான். விளையாடுகிறான் என்று அம்மா வீடியோ கூட எடுத்தாள்

சித்தி: ஐயோ

தம்பி: டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்க்கிறேன்

சித்தப்பா: நில். கை விடாதே. முதலில் ஒன்று சொல். ரேபிஸ் ஊசி இந்த வருடம் போட்டாயிற்றா? தேதி வேண்டும். எச்சில் வடிந்து விழுங்க முடியாமல் இருக்கும் நாயின் வாயில், ஊசி விவரம் தெரியாமல் யாரும் கை வைக்கக் கூடாது. வாயில் ஏதாவது சிக்கினாலும் அப்படி எச்சில் வடியும், ஆனாலும் இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஊசி போட்டிருந்தாலும், வலியில் இருக்கிற நாய் வளர்த்தவனையே கடிக்கும்

அப்பா: போட்டது

சித்தப்பா: அட்டை வேண்டும் அண்ணா

அம்மா: அட்டை பீரோவில் இருக்கும். பார்க்கிறேன்

அண்ணன்: மதியம் வருகிறோம் அம்மா. காலையில் முடியாது போல

இரவு 8:10

அம்மா: (படம்) அட்டை கிடைத்தது. நாலு மாதம்தான் ஆகிறது

சித்தப்பா: நல்லது. நிம்மதி

அம்மா: அதோடு இன்னொன்றும் கிடைத்தது. தாத்தாவுடைய கடிகாரப் பெட்டி. பெட்டி மட்டும்தான். உள்ளே கடிகாரம் இல்லை

அத்தை: பெட்டி உங்கள் பீரோவிலா?

அம்மா: எனக்கே இன்றுதான் தெரியும்

அத்தை: அண்ணா, பெட்டி இங்கே என்றால் கடிகாரம் எங்கே?

பெரியப்பா: என்னைக் கேட்டால்?

அத்தை: பழுது பார்க்கக் கொடுக்கிறேன் என்று எடுத்துப் போனது நீங்கள்தான்

பெரியப்பா: கொடுத்தேன், வாங்கி வந்தேன், அப்பா கையில் கொடுத்தேன்

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: படித்துவிட்டேன்

நான்: அத்தை, ப்ளீஸ், ஜிம்மி விஷயம் முடியட்டும்

தம்பி: வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. கொட்டாவி விட்டான், அப்போது டார்ச் அடித்தேன். மேலே உள்ளே பழுப்பாக ஏதோ குறுக்கே இருக்கிற மாதிரி தெரிந்தது. பல்லா குச்சியா என்று தெரியவில்லை. கண்ணுக்குக் கீழே வீக்கம் இல்லை

சித்தப்பா: குச்சியாகத்தான் இருக்கும் போல. இழுக்காதே, உடைந்து பாதி உள்ளே நின்றால் இன்னும் சிரமம். டாக்டர் தேவைப்பட்டால் மயக்கம் கொடுத்து எடுப்பார், அந்த இடத்தையும் கழுவிவிடுவார், அப்படியே மற்ற பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள், மொத்தம் 42 பல், ஒன்று உடைந்திருந்தாலும் வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. மயக்கம் கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் காலையில் சாப்பாடு வைப்பதற்கு முன்னால் போனில் கேட்டுவிடுங்கள். தண்ணீர் குடிக்கிறானா என்று இன்று இரவு பார்த்துக்கொண்டே இருங்கள். மூச்சு விடத் திணறினாலோ, தண்ணீர் கூட இறங்காவிட்டாலோ, முகம் வீங்கினாலோ காலை வரை இருக்க வேண்டாம், இரவே கிளம்ப வேண்டும்

தம்பி: இப்போது தண்ணீர் குடித்தான். கொஞ்சம் சிந்துகிறது, ஆனால் இறங்குகிறது

சித்தி: நல்லவேளை

அண்ணன்: சித்தப்பா, வாய் நாற்றம் என்றால் கிட்னியாகவும் இருக்கலாம் என்று படித்தேனே

சித்தப்பா: இருக்கலாம், அது மூத்திர வாடை அடிக்கும், உடம்பு இளைக்கும், தண்ணீர் அதிகமாகக் குடிப்பான், வாந்தி எடுப்பான். சர்க்கரை முற்றினால் மூச்சில் நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தின் வாடை வரும். இரண்டும் ஒரு பக்க உதட்டில் மட்டும் வராது. வேண்டுமானால் ரத்தப் பரிசோதனை பற்றி நாளைக்கே டாக்டரிடம் கேளுங்கள், அவனுக்கும் வயதாகிறது

அம்மா: அவனுக்கு என்ன வயது, இன்னும் குட்டிதான்

அப்பா: எட்டு

அம்மா: சும்மா இருங்கள்

இரவு 9:15

நான்: சரி, நாளை எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள்? யார் வண்டி ஓட்டுவது?

தம்பி: எனக்குப் பத்து மணிக்கு வேலை இருக்கிறது. எட்டு மணிக்கு என்றால் வருவேன்

சித்தப்பா: நான் வந்து ஓட்டுகிறேன். ஆனால் ஒன்பதுக்கு முன்னால் முடியாது

அம்மா: ஜிம்மி என் மடியில்தான் உட்காருவான், அதனால் நானும் வர வேண்டும். யாராவது வீட்டில் இருக்க வேண்டும்

அப்பா: நான் இருக்கிறேன்

அத்தை: அந்த சோபா உறையைத் தோய்த்துப் போடுங்கள் அண்ணி. அந்த எச்சில் இருக்கும் வரை நாற்றம் போகாது, அவனைச் சுத்தம் செய்தாலும் மறுபடி அங்கேதான் முகத்தை வைப்பான்

அம்மா: ஊறப் போட்டாயிற்று

அத்தை: குச்சி எடுத்ததும் எனக்குப் போன் செய்யுங்கள், குழுவில் போட்டால் நான் பார்க்க மாட்டேன். பாவம், நான் வேறு முதலில் சோபாவைப் பற்றிப் பேசிவிட்டேன்

பெரியப்பா: எனக்கும் சொல்லுங்கள்

அத்தை: கடிகாரத்தை ஞாயிற்றுக்கிழமை நேரில் பேசுகிறோம் அண்ணா

பெரியப்பா: பேசலாம். பேச என்ன இருக்கிறது

அண்ணன்: காலையிலேயே வந்துவிடுகிறேன் அம்மா, மாற்றிக்கொண்டேன். மாடி அறை அத்தைக்கே இருக்கட்டும்

தம்பி: எட்டா ஒன்பதா, யாராவது ஒருத்தர் சொல்லுங்கள். அப்புறம் கார் சாவி எங்கே? அப்பா எடுத்து வைத்தார், இப்போது தூங்கிவிட்டார்