அத்தையின் தலையில் கட்டிய கூடுதல் வாரண்டி: வழி சொல்லுங்கள்

மன்னார்குடியில் தனியாக இருக்கும் என் அத்தைக்கு வயது 74. குறுவை நெல் விற்ற பணத்தில் ஃபிரிட்ஜ் வாங்கப் போனவரிடம், கூடுதல் வாரண்டி என்று 4,000 ரூபாயையும் சேர்த்துக் கறந்துவிட்டார்கள். கம்ப்ரசருக்குத் தயாரிப்பு நிறுவனமே 10 ஆண்டு வாரண்டி தருகிறது. அதை வாய்திறந்து சொல்லவில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கிப் பழுதானால் இந்தத் திட்டம் செல்லாது என்று பொடி எழுத்தில் இருக்கிறது. எங்கள் தெருவில் ஃபிரிட்ஜ் கெடுவதே பெரும்பாலும் அதனால்தான்! கண் மங்கியவரிடம் அதில் கையெழுத்து வாங்கியதை என்னால் பொறுக்க முடியவில்லை.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யப் போகிறேன். அதற்கு முன் கடைக்குக் கடிதம் எழுத வேண்டுமா? திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இப்படிப் பணத்தைத் திரும்பப் பெற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள். தீபாவளி விற்பனைக்குள் மற்ற பெரியவர்களையும் எச்சரிக்க வேண்டும்.