‘கட்டை இழைப்புளி’ வேண்டாமுங்க: பிளாக் பிளேனுக்கு ஒரு சொல்

கோவை (பட்டியல் தொகுப்பு):

அனைவருக்கும் வணக்கம். தச்சுக் கருவிப் பட்டியலில் இழைப்புளிப் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. பிளாக் பிளேன் (block plane) என்ற சிறிய இழைப்புளியில்தான் இழுத்துக்கொண்டு நிற்கிறது. வரைவில் ‘கட்டை இழைப்புளி’ என்று இருக்கிறது. விளக்கம்: ‘சிறிய இழைப்புளி, மலிவு, உயர்ரகம் என இருவகை’. இதைப் படித்துவிட்டு ஒருவர் கடைக்குப் போனால் எதைப் பார்த்து வாங்குவார்? சொல்லையும் உறுப்புப் பெயர்களையும் சேர்த்தே முடிவு செய்யலாம். மலிவுக்கும் உயர்ரகத்துக்கும் உண்மையான வேறுபாடு எந்த உறுப்பில் இருக்கிறதோ, அந்த உறுப்புக்காவது நல்ல பெயர் வேண்டும்.

பொள்ளாச்சி:

> ‘கட்டை இழைப்புளி’

ஐயா, இது ஆகாதுங்க. நம்ம பக்கம் கட்டை இழைப்புளின்னா உடம்பு மரத்துல செஞ்சது, ஆப்பு அடிச்சு உளியை (சீவற தகட்டை) இறுக்கறது. அதுக்கு எதிர்ப்பதம் இரும்பு இழைப்புளி. பிளாக் பிளேனோ முழுக்க இரும்பு. இரும்புச் சாமானுக்குக் கட்டைன்னு பேர் வெச்சா பட்டறையில சிரிப்பாங்க.

இன்னொண்ணு, அந்த ‘பிளாக்’ மரக்கட்டையே இல்லீங்க. பலகையோட வெட்டுமுனையைக் குறுக்கா இழைக்கற வேலைக்கு அமெரிக்கத் தச்சர்கள் ‘பிளாக்கிங் இன்’னு பேர் வெச்சிருந்தாங்க, அதுல இருந்துதான் கருவிக்குப் பேர் வந்துதுன்னு ஸ்டான்லி கம்பெனி தன்னோட பழைய விலைப்பட்டியல்லயே போட்டிருக்குது. அதே பட்டியல் சொல்ற இன்னொரு காரணம், ஒத்தக்கையில பிடிச்சு ஓட்டலாம்ங்கறது. சொல்லு தேடறதா இருந்தா இந்த ரெண்டுல ஒண்ணுல இருந்து தேடுங்க.

ஈரோடு:

பொள்ளாச்சிக்காரர் சொன்னதை ஏற்கிறேன். எனக்குத் தோன்றியவை: சிற்றிழைப்புளி, முனை இழைப்புளி, ஒற்றைக்கை இழைப்புளி.

முதலாவது அளவை மட்டும் சொல்கிறது. சிறிய இழைப்புளிகள் வேறு பல உண்டு. இரண்டாவது வேலையைச் சொல்கிறது, ஆனால் கதவு ஓரம் சீவுவது, முனை மழுக்குவது, ஒட்டுப்பலகையின் விளிம்பைச் சரிசெய்வது எல்லாம் இதே கருவிதானே? மூன்றாவதுக்கு என் வாக்கு. மற்ற கையில் பலகையைப் பிடித்துக்கொள்ளலாம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கருவியின் இலக்கணம் வேறிடத்தில் இருக்கிறது. பெரிய இரும்பு இழைப்புளியில் உளியின் சாணை பிடித்த சரிவு கீழே பார்க்கும். இதில் மேலே பார்க்கும். ‘மேற்சாணை’, ‘கீழ்ச்சாணை’ என்று இரண்டு சொல் வைத்துக்கொள்ளலாமா? கணபதிக்காரர் எங்கே?

கணபதி:

இங்கதானுங்க இருக்கறேன். மேற்சாணை, கீழ்ச்சாணை ரெண்டும் சரி. எங்களை மாதிரி மெஷின் ஷாப் ஆளுக்கும் புரியும்.

அதைவிட முக்கியமா ஒண்ணுக்குப் பேர் வேணும்: உளி படுத்திருக்கற அந்தச் சரிவான தளம். விலை வித்தியாசத்துல பெரும்பங்கு அங்கதான் இருக்குது. வரைவுல ‘படுகை’ன்னு போட்டிருக்கீங்க, அது ஆத்துக்குப் போயிரும். ‘திண்டு’ன்னு வெச்சுடலாமுங்க. மனுசன் திண்டுல சாஞ்ச மாதிரி உளி அதுல சாஞ்சிருக்குது.

கணக்கு இதுதான். மேற்சாணையில வெட்டுக்கோணம்ங்கறது திண்டுக்கோணத்தையும் சாணைக்கோணத்தையும் கூட்டினா வர்றது. ஸ்டான்லி 9½ வகையில திண்டு 20 டிகிரி. சாணை 25 வெச்சா வெட்டுக்கோணம் 45. அது 60½ வகையில திண்டு மாடலைப் பொறுத்து 12 முதல் 13½ வரை இருக்கும். 12ன்னு வெச்சுக்கங்க, அதே 25க்கு 37 ஆகும். வெட்டுமுனைக்கு 37 சுகமா ஓடும். பின்னல் நார் உள்ள வேம்பு, வேங்கையில நீளவாக்குல ஓட்டினா பிச்சுட்டு வரும். அப்ப 38 டிகிரி சாணை பிடிச்ச இன்னொரு உளியை மாட்டினா 50 ஆயிருது. ஒரே உடம்பு, ரெண்டு உளி, ரெண்டு இழைப்புளி. 20 டிகிரி திண்டுல இது தலைகீழா முடியாது. 37 வேணும்னா சாணை 17 டிகிரி வெக்கோணும், முனை அங்கங்க உதிர்ந்துரும்.

அதனால ‘தாழ்கோண இழைப்புளி’ன்னு போட்டுடாதீங்க. கோணம் உளியை மாத்தினா மாறும், திண்டு மாறாது. ‘தாழ்திண்டு’ன்னு சொன்னாத்தான் சரி.

கோபி:

எல்லாம் சரிங்க. ஆனா மேற்சாணைன்னு சொல்றப்போ ஒரு எச்சரிக்கையும் சேர்த்துப் போடோணும். மேற்சாணையில உளியோட தட்டைப் பக்கந்தான் மரத்தைப் பார்த்து இருக்குது. தேய்மானம் அந்தப் பக்கம் விழும். சரிவை மட்டும் கல்லுல தேச்சுட்டு ‘ஏன் கடிக்க மாட்டேங்குது’ன்னு கேக்கறவங்க ஏராளம். தேக்குல சிலிக்கா இருக்குது, சீக்கிரம் தேயும். தட்டைப் பக்கத்துல அந்தத் தேஞ்ச வரி மறையற வரைக்கும் தேய்க்கோணும். 0.5 மி.மீ. எஃகு ஸ்கேலைக் கல்லோட ஓரத்துல வெச்சு, உளியோட பின்பாகத்தை அது மேல ஏத்தி, முனையை மட்டும் கல்லுல படவிட்டுத் தேச்சா வேலை சுருக்கா முடியும்.

அப்புறம் விலை. கதவு மாட்டற ஆளுக்கும் பிளைவுட் வேலைக்காரருக்கும் உயர்ரகம் எதுக்குங்க? பிளைவுட் பசையும் சன்மைக்கா ஓரமும் எந்த எஃகையும் தின்னுரும். அங்க மலிவு இழைப்புளியும் உபரியா ஒரு உளியும் போதும்.

கணபதி:

> அங்க மலிவு இழைப்புளியும் உபரியா ஒரு உளியும் போதும்

போதுமுங்க, ஆனா எந்த மலிவுன்னு பார்க்கோணும். மலிவுல ரெண்டு சாதி. வாய் (அடியில உளிமுனை எட்டிப் பார்க்கற பிளவு) அகலத்தைக் கூட்டிக் குறைக்க, அதுக்கு முன்னால இருக்கற அடித்துண்டான முன்பாதம் நகர்றது ஒண்ணு. வாய் நகராது, சிலதுல ஆழத் திருகுகூட இல்ல, சுத்தியல்ல தட்டித்தான் உளியை இறக்கோணும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டாவது பலகை முனை மழுக்க ஆகும், அவ்வளவுதான். உள்நாட்டு அனந்த் ஆகட்டும், ஸ்டான்லி ஆகட்டும், ஒரே பெட்டி நிறத்துல ரெண்டு சாதியும் கிடைக்கும். நம்பர் பார்த்து வாங்கோணும்.

கடையிலயே பார்க்க வேண்டியதைச் சொல்றேன். ஒரு எஃகு ஸ்கேலும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடுகள்) எடுத்துட்டுப் போங்க. உளியை உள்ள இழுத்துட்டு, கவ்வியை (உளியை மேல இருந்து அமுக்கிப் பிடிக்கற மூடி) வேலைக்கு இறுக்கற அளவு இறுக்கிட்டு, ஸ்கேலை நட்டமா அடியில வெச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க. முன்பாதம், வாயோட முன்விளிம்பு, குதி (அடியோட பின்முனை) இந்த மூணும் ஸ்கேலைத் தொடோணும். நடுவுல வேற எங்க பள்ளம் இருந்தாலும் குத்தமில்ல. வாய்கிட்ட 0.05 மி.மீ. தகடு நுழைஞ்சா மெல்லிய சுருள் வராது. அடி வயிறு புடைச்சிருந்தா இன்னும் மோசம், ஆடிட்டே ஓடும்.

கவ்வியைத் தளர்த்தி இன்னொரு தடவை பாருங்க. தளர்ந்தப்போ நேரா இருந்து, இறுக்கினப்போ வாய் கீழ புடைச்சா, வார்ப்பு மெலிசுன்னு அர்த்தம். அதுல கவ்வியை எப்பவும் விரல் இறுக்கத்துக்கு மேல இறுக்கக்கூடாது.

அப்புறம் திண்டு. உளிக்கு அடியில மார்க்கர்ல பூசி, மாட்டி, லேசா அசைச்சு எடுங்க. மை திண்டுல எங்க ஒட்டியிருக்குதுன்னு பாருங்க. வாய்கிட்ட ஒரு வரி, மேல ஒரு வரி, ரெண்டுலயும் பட்டிருந்தா நல்லது. நடுவுல மட்டும் பட்டிருந்தா உளி ஊஞ்சல் ஆடும், வெட்டுமுனையில படபடன்னு அலை விழும். பெயிண்ட் கட்டியா இருந்தா சுரண்டிடலாம். வார்ப்பே மேடா இருந்தா திருப்பிக் குடுத்துருங்க. 12 டிகிரி திண்டுல அரம் போட இடமே இல்ல. அரம் வழுக்கினா வாய்ப்பக்கம் இருக்கற அந்த மெல்லிய விளிம்பு போயிரும். அடி கெட்டா சரி பண்ணலாம், திண்டு கெட்டா முடியாது. உயர்ரகத்துல காசு குடுக்கறது முக்காவாசி இந்தத் திண்டுக்குத்தான்.

ஈரோடு:

அடி வளைந்திருந்தால் நம் ஊரில் சர்ஃபேஸ் கிரைண்டிங் (மெஷினில் தளத்தை அரைத்துச் சமமாக்குவது) கொடுத்துவிடலாமே? கோவையில் அதற்கா பஞ்சம்?

கணபதி:

பஞ்சமில்லீங்க, ஆபத்துதான். அந்த மெஷின்ல சாமானைக் காந்தத்தால பிடிக்கற மேக்னடிக் சக், வளைஞ்ச வார்ப்பை இழுத்து நேராக்கிப் பிடிச்சுக்கும். அரைச்சு முடிச்சு காந்தத்தை விட்டா பழையபடி வளையும். அடியில இடைத்தகடு வெச்சு, காந்தத்தைக் குறைச்சு, ஒரு தடவைக்கு 0.01 மி.மீ. மட்டும் எடுக்கச் சொல்லோணும். முன்பாதத்தை வேலை செய்யற இடத்துலயே இறுக்கி வெச்சு அரைக்கோணும், இல்லாட்டி அது தனி மட்டம், உடம்பு தனி மட்டம்.

இன்னொரு கணக்கு பலபேர் யோசிக்கறதில்ல. அடியில 0.1 மி.மீ. எடுத்தா 12 டிகிரி திண்டுல உளிமுனை கிட்டத்தட்ட 0.5 மி.மீ. பின்னால போயிரும். சரிவு அவ்வளவு படுத்திருக்குது. வாய் அந்த அளவுக்கு விரியும். முன்பாதம் நகர்றதா இருந்தா தள்ளிச் சரிக்கட்டலாம். நகராத வாய்னா கருவியே வீண்.

அதனால கையிலயே தேய்க்கறது உத்தமம். 12 மி.மீ. கண்ணாடியோ, பாலிஷ் போட்ட கிரானைட் துண்டோ எடுத்துக்கங்க. டைல்ஸ் வேண்டாம், அதுவே வளைஞ்சிருக்கும். 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அடியில பென்சில்ல குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, உளியை உள்ள இழுத்து, கவ்வியை வேலை இறுக்கத்துல வெச்சுத் தேய்ங்க. நான் சொன்ன மூணு இடத்துலயும் கோடு அழிஞ்சதும் 120க்கும் 240க்கும் மாத்தி நிறுத்திருங்க. கண்ணாடி மாதிரி மின்னோணும்னு தேச்சுட்டே இருந்தா விளிம்புதான் உருளும்.

பொள்ளாச்சி:

இவ்வளவு வேலை செய்ய நேரம் இருக்கறவருக்கு மலிவு. நேரம் இல்லாதவருக்கு உயர்ரகம். என்னோட அபிப்பிராயம் அவ்வளவுதானுங்க.

ஆனா ஒண்ணு சொல்லோணும். உளி விசயத்துல மட்டும் சிக்கனம் வேண்டாம். மலிவுல வர்ற உளி 2 மி.மீ. சுமாரு, லை-நீல்சன், வெரிடாஸ் மாதிரி அமெரிக்க, கனடாக் கருவியில 3 மி.மீ.க்கு மேல. அந்தத் தடிமனே அலையை அடக்கிரும். தரமான மாற்று உளியை வாங்கி மலிவு உடம்புல மாட்டலாம். வாங்கறதுக்கு முன்னாடி வாய் விரியுமான்னு பாருங்க, ஆழத் திருகு பிடிக்கற காடி அதே இடத்துல இருக்குதான்னும் பாருங்க. காடி பொருந்தாட்டி திருகு சும்மா சுத்தும்.

எஃகுல ஓ-1ஆ ஏ-2ஆன்னு கேப்பாங்க. ஓ-1 நம்ம எண்ணெய்க் கல்லுலயே சுருக்கா கூர் ஏறும். ஏ-2 கூர் நிக்கும், ஆனா 25 டிகிரியில முனை பொடிப்பொடியா உதிரும். 30 வெச்சாத்தான் அடங்கும். 12 டிகிரி திண்டுல 30 வெச்சா 42. மலைவேம்பு மாதிரி மெத்து மரத்தோட வெட்டுமுனைக்கு அது கொஞ்சம் நிமிர்ந்த கோணம், நார் நசுங்கும். நம்ம மரத்துக்கு ஓ-1 போதுமுங்க. தென்னைக் கட்டைக்கு மட்டும் எதை வெச்சாலும் அடிக்கடி தீட்டோணும். கூர் போச்சுன்னா நாரைக் கொத்தாப் பிடுங்கிட்டு வந்துரும்.

வெட்டுமுனை இழைக்கறப்போ கடைசி விளிம்பு பிளக்கறதுக்கு எந்த விலைக் கருவியும் மருந்தில்ல. அந்த விளிம்பை முதல்லயே மழுக்கிருங்க, இல்லாட்டி ரெண்டு பக்கமிருந்தும் நடுவுக்கு ஓட்டுங்க.

கோபி:

ஆழத் திருகுன்னதும் ஞாபகம். மலிவுல திருகு அரைச் சுத்து சும்மா சுத்திட்டுத்தான் பிடிக்கும், அது பரவாயில்ல. உளியைப் பின்னால இழுத்துட்டு அப்படியே ஓட்டினா நடுவுல நழுவும். எப்பவும் தேவைக்கு மேல பின்னால இழுத்து, முன்னால தள்ளி நிறுத்துங்க. உயர்ரகத்துலயும் இதே பழக்கந்தான்.

வார்ப்பு பத்தி கணபதி ஒண்ணும் சொல்லலையே?

கணபதி:

விட்டுப்போச்சுங்க. மலிவுல சாதா சி.ஐ. (வார்ப்பிரும்பு), கீழ விழுந்தா வாய்கிட்ட விரிசல் விடும். உயர்ரகத்துல நம்ம ஃபவுண்டரிக்காரங்க எஸ்.ஜி. அயர்ன்னு சொல்ற வளையக்கூடிய வார்ப்பிரும்பு, வளையலாம், உடையறது அபூர்வம். மேஜை ஓரத்துல வெச்சு வேலை செய்யறவங்க இதுக்காகவே கூடக் குடுக்கலாம்.

கோவை (பட்டியல் தொகுப்பு):

நன்றி. பதிவை இப்படி மாற்றியிருக்கிறேன்:

‘ஒற்றைக்கை இழைப்புளி: ஒரு கையால் பிடித்து ஓட்டும் மேற்சாணை இரும்பு இழைப்புளி. நீளம் சுமார் 15 முதல் 18 செ.மீ. வெட்டுமுனை, விளிம்பு, ஓரம் சீவப் பயன்படும். திண்டுக்கோணம் சுமார் 20 பாகையானால் பொதுத்திண்டு. 12 பாகையை ஒட்டியதானால் தாழ்திண்டு. வாங்கும்போது திண்டின் சமம், நகரும் முன்பாதம், உளியின் தடிமன் பார்க்க.’

உறுப்புகள்: அடி, முன்பாதம், வாய், குதி, திண்டு, உளி, கவ்வி, ஆழத் திருகு. ‘மலிவு, உயர்ரகம் என இருவகை’ என்ற வரியை நீக்கிவிட்டேன்; அது கருவியின் வகை அல்ல.

ஈரோடு:

‘பொதுத்திண்டு’ மட்டும் உறுத்துகிறது. பொது என்றால் யாருக்குப் பொது? தாழ்திண்டுக்கு இணையாக ‘உயர்திண்டு’ என்றே இருக்கட்டும்.

கணபதி:

சரிங்க, உயர்திண்டு. ‘பாகை’யை மட்டும் ‘டிகிரி’ன்னு மாத்திருங்க, பட்டறைக்குப் போற பட்டியல்.

கோவை (பட்டியல் தொகுப்பு):

இரண்டையும் மாற்றிவிட்டேன். ஷோல்டர் பிளேனுக்கு வரைவில் ‘தோள் இழைப்புளி’ என்று இருக்கிறது. அதைத் தனி மடலில் அனுப்புகிறேன்.